இரண்டாவது படம்

ஆஸ்பத்திரியின் வருகைப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் அவருடைய சொந்தப் பெயர் புழங்கவில்லை. பெரிய டாக்டரிலிருந்து வாசல் காவலாளிவரை எல்லாருக்கும் அவர் மூச்சுப்பிடியார்தான். முப்பத்தோரு வருஷமாக எக்ஸ்ரே அறையில் நின்றுகொண்டு, "மூச்சை நல்லா இழுங்க, அப்படியே பிடிங்க, ம், விடலாம்" என்று சொல்லிச் சொல்லித் தேய்ந்த வாய். ஒருநாள் இவர் 'விடலாம்' சொல்ல மறந்துபோனால் பாதி ஜனம் நீலம் பாரித்துவிடும் என்று எலும்பு டாக்டர் கேலி செய்தார். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர். அவரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வேறு ஆள். ஆராதனை முடிந்ததும் சபைக் கட்டடத்தின் பின்பக்கம், மடக்கு நாற்காலிகள் போட்ட நீள அறையில், பெரியவர்களுக்கான வேத வகுப்பை அவர்தான் எடுப்பார். வருஷம் பிறந்தால் முற்பிதாக்களிலிருந்து தொடங்குவார். ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு என்று வரிசை மாறாமல் போகும். அதிலும் ஆபிரகாம் தன் ஊரையும் உறவையும் விட்டுக் கிளம்புகிற பாடம் என்றால் அவருக்கு எங்கிருந்தோ ஒரு தெம்பு வந்துவிடும். போகிற இடம் எது என்று தெரியாது, வழி தெரியாது, கூப்பிட்ட குரலை நம்பிக் கிளம்பினான், அதுதான் விசுவாசம் என்று கையை வீசிச் சொல்வார். இத்தனைக்கும் அடுத்த ஊர்க் கல்யாணத்துக்குப் போவதென்றாலே மூன்று நாளுக்கு முன்னால் பஸ் நேரம் விசாரிக்கிற மனுஷன். அவர் மனைவி கடைசி வரிசையில் உட்கார்ந்து அதை நினைத்துச் சிரித்துக்கொள்வாள்.

கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்து, மனைவிக்கு முப்பத்தொன்பது வயதில் பிறந்த ஒரே மகள் அவர்களுக்கு. அப்போது சபையில் எல்லாரும் அவர்களை, காலம் கடந்து பிள்ளை பெற்ற ஆபிரகாம், சாராள் என்றே கூப்பிட்டார்கள். அந்தக் குழந்தை வளர்ந்து, படித்து, அதே ஆஸ்பத்திரியில் நர்ஸானாள். பெரியவர்களுக்கான வகுப்பு என்றாலும், பன்னிரண்டு வயதிலிருந்தே அப்பாவின் வகுப்பில் முதல் வரிசை அவளுடையது. பக்கத்து நாற்காலியில் அவள் தோழி பட்டாணி. குட்டையாக, உருண்டையாக, ஒரு இடத்தில் நிற்காமல் உருண்டுகொண்டே இருப்பதால் அந்தப் பெயர். இரண்டு பேரும் ஒன்றாகப் படித்து ஒரே வார்டில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். பட்டாணியின் அம்மா ஆஸ்பத்திரித் துணியறையில் தையல் வேலை பார்த்தாள். கிழிந்த விரிப்புகளை ஒட்டுப் போடுவதும், தலையணை உறை தைப்பதும் அவள் வேலை. புருஷன் இல்லை, வேறு பிள்ளை இல்லை. தையலம்மா என்றால்தான் எல்லாருக்கும் தெரியும்.

அந்த வருஷம் ஆபிரகாம் ஊரை விட்டுக் கிளம்புகிற பாடம் முடிந்த மறு வாரம் ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் வந்தது. சண்டைக்குப் பயந்து ஓடிவந்த ஜனம் எல்லைக்கு அந்தப் பக்கம் ஆயிரக்கணக்கில் கூடாரம் போட்டுக் கிடக்கிறது, காய்ச்சல் பரவுகிறது, ஆறு மாதத்துக்கு இரண்டு நர்ஸ்களை அனுப்ப முடியுமா என்று ஒரு நிவாரணச் சங்கம் கேட்டிருந்தது. ஆறு பேர் பெயர் கொடுத்தார்கள். தலைமை நர்ஸ் இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்து, அவர்களில் ஒருவர் போக முடியாமல் போனால் போவதற்கு மூன்றாவதாக ஒரு பெயரையும் எழுதி ஒட்டினார். முதல் பெயர் மூச்சுப்பிடியாரின் மகள். இரண்டாவது ஒரு ஆண் நர்ஸ். மூன்றாவது பட்டாணி.

காலை டீ குடிக்கும்போது மகள் விஷயத்தைச் சொன்னாள். மனைவி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு இவர் முகத்தைப் பார்த்தாள். இவர், ஜெபம் பண்ணிவிட்டு முடிவெடுப்போம் என்றார்.

"நான் பண்ணிட்டேன்பா" என்றாள் மகள்.

அடுத்த நாலைந்து நாள் அவர் சுற்றிச் சுற்றி வந்தார். அம்மாவுக்கு முழங்கால் வலி என்றார். அடுத்த குழுவோடு போகலாமே என்றார். அங்கே மழைக்காலம் என்று பேப்பரில் போட்டிருக்கிறது என்றார். மகள் ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னாள். கடைசியில் சிரித்துக்கொண்டே, "ஆபிரகாம் எந்த ஊருன்னுகூட கேட்காம கிளம்பினார்னு நீங்கதானே சொல்வீங்க? நான் ஊர்ப்பேர், பஸ் நேரம் எல்லாம் விசாரிச்சு வச்சிருக்கேன்பா" என்றாள். அவர் போகாதே என்று ஒரு வார்த்தை சொன்னால் முப்பது வருஷப் பாடமும் பொய்யாகிவிடும். சொல்லாவிட்டால் மகள் போய்விடுவாள். இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டு, வேலைக்குப் போகிற வழியெல்லாம், ஆண்டவரே, எப்படியாவது இதைத் தட்டிவிடும் என்று மனசுக்குள் மன்றாடினார். ஆண்டவர் ஒன்றும் சொல்லவில்லை.

போவதற்குப் பத்து நாள் இருக்கும்போது, மருத்துவச் சோதனைக்காக மகளுக்கு மார்புப் படம் எடுக்கச் சீட்டு வந்தது.

அன்று அவர் எதையும் திட்டம் போட்டு வரவில்லை. அதை அவர் பிற்பாடு தனக்குத்தானே எத்தனையோ தடவை சொல்லிக்கொண்டார். காலையில் பெண்கள் வார்டிலிருந்து இருமலோடு ஒரு பெண் வந்தாள். மகளின் வயதுதான், அதே உயரம், அதே மெலிவு. படம் எடுத்து, இருட்டறையில் கழுவி, சொட்டச் சொட்ட வெளிச்சப் பெட்டியில் மாட்டினார். வலது நுரையீரலின் மேல்பக்கம், சட்டைப் பொத்தான் அளவுக்கு வெள்ளையாக ஒரு நிழல். அதையே பார்த்துக்கொண்டு நின்றார். மேஜையில் மகளின் சீட்டு கிடந்தது.

வெளியே பெஞ்சில் காத்திருந்த அந்தப் பெண்ணைத் திரும்பக் கூப்பிட்டு, படம் சரியாக விழவில்லை, இன்னொரு தடவை எடுக்க வேண்டும் என்றார். அவள் சங்கடத்தோடு எழுந்து வந்தாள். "என் மேலதான் தப்பு சார். மூச்சைப் பிடிக்கிறதுக்குள்ள இருமல் வந்துடுச்சு" என்றாள். அவர் புதுத் தகடு ஒன்றை எடுத்து, ஓரத்தில், படத்தில் விழுகிற ஈய எண்களை ஒவ்வொன்றாக அடுக்கினார். அது மகளின் சீட்டில் இருந்த எண்.

மத்தியானம் மகள் வந்தாள். அவளையும் நிற்கவைத்து, மூச்சை இழு, பிடி, விடலாம் என்று சொல்லிப் படம் எடுத்தார். கழுவிப் பார்த்தால், கண்ணாடி மாதிரி சுத்தமான நுரையீரல். அதை நாலாக வெட்டிக் கழிவுப் பெட்டியில் போட்டார். காலையில் எடுத்த இரண்டாவது படத்தை அவள் பெயர் எழுதிய பழுப்பு உறைக்குள் வைத்து நெஞ்சு டாக்டருக்கு அனுப்பினார். கை நடுங்கவில்லை. அதுதான் அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

நெஞ்சு டாக்டர் நல்ல மனுஷர். மகளை உட்காரவைத்து, படத்தை மாட்டி, பேனா முனையால் அந்த நிழலைத் தொட்டுக் காட்டினார். பயப்பட ஒன்றுமில்லை, சளிச் சோதனை செய்வோம், மருந்து தருகிறேன், ஆறு வாரம் கழித்து மறுபடி படம் எடுப்போம், ஆனால் இந்த நுரையீரலோடு முகாமுக்கு அனுப்ப நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். நிழலைப் பார்த்த மகள் படத்தில் வேறெதையும் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து, கட்டி வைத்திருந்த பெட்டியை அவிழ்த்துத் துணிகளை ஒவ்வொன்றாக அலமாரியில் திருப்பி அடுக்கினாள். அழவில்லை. மனைவி அவள் தலையைத் தடவிக்கொடுத்துவிட்டு சமையலறைக்கு வந்து, "மனசு கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா போகலைன்னதும் எனக்கு உயிர் வந்த மாதிரி இருக்குங்க" என்று இவர் காதில் கிசுகிசுத்தாள்.

மூன்றாவது பெயர் இரண்டாவது ஆனது. பட்டாணியும் சோதனைக்குச் சீட்டோடு எக்ஸ்ரே அறைக்கு வந்தாள். "நல்லா எடுங்க சார். என் உள்ளமைப்பாவது அழகா விழணும்" என்று வழக்கம்போலச் சிரிப்புக் காட்டினாள். தோளைத் தகட்டோடு ஒட்டவைக்க அவர் அவள் கையைப் பிடித்தபோது விரல்கள் ஜில்லென்று இருந்தன. அந்த அறை எப்போதுமே குளிர்தான் என்று நினைத்துக்கொண்டார். ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, இவளையும் நிறுத்திவிடலாமா என்று தோன்றியது. ஒரே வாரத்தில் இரண்டு பேருக்கு நிழல் என்றால் யாராவது கேள்வி கேட்பார்கள் என்று மனசு கணக்காகச் சொன்னது. "விடலாம்" என்றார். பட்டாணி மூச்சை விட்டாள்.

அவள் கிளம்புவதற்கு முந்தின ஞாயிறு, சபையில் அவள் தலைமேல் கைவைத்து ஜெபம் செய்ததும் அவர்தான். அன்றைய பாடம் ஆபிரகாம் தன் மகன் ஈசாக்கைப் பலியிட மலைக்குக் கூட்டிப்போன பாடம். எத்தனையோ வருஷம் சொன்னதுபோலவே, கத்தியை ஓங்கிய நேரத்தில் புதரில் கொம்பு மாட்டிய ஆட்டுக்கடாவை மகனுக்குப் பதிலாக ஆண்டவர் ஆயத்தமாக வைத்திருந்தார் என்று சொன்னார். சொல்லும்போதே குரல் கம்மியது. வயசாகிவிட்டது, சாருக்குக் கண் கலங்குகிறது என்று ஜனம் உருகியது. முதல் வரிசையில் மகள் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பட்டாணி நோட்டில் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தாள்.

ஆறு வாரம் ஓடியது. மறுபடி எடுத்த படம், உண்மையாகவே மகளின் படம், சுத்தமாக இருந்தது. சளிச் சோதனையிலும் கிருமி இல்லாததால், மருந்து வேலை செய்துவிட்டது என்றார் டாக்டர். சபையில் அதை அப்படியே விட்டுவிடுவார்களா? ஞாயிற்றுக்கிழமை போதகர் மகளை முன்னால் கூப்பிட்டு, நுரையீரலில் இருந்த நிழல் ஜெபத்தால் மறைந்தது என்று அறிவித்தார். எல்லாரும் எழுந்து நின்று பாடினார்கள். மூச்சுப்பிடியாரைச் சாட்சி சொல்லச் சொன்னார்கள். அவர் எழுந்தார், ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் என்று இரண்டு வார்த்தை சொல்லி உட்கார்ந்தார். அடுத்த வாரப் பாடம், கண் தெரியாத தகப்பனுக்கு முன்னால் யாக்கோபு அண்ணன் உடையைப் போட்டுக்கொண்டு போய் நின்று ஆசீர்வாதத்தைத் தட்டிப் பறித்தது. தொண்டை கட்டிவிட்டது என்று வகுப்பை ஒத்திப்போட்டார். அதற்கடுத்த வாரம் அந்தப் பக்கத்தைத் தாண்டி அடுத்ததுக்குப் போனார். யாரும் கவனிக்கவில்லை.

பட்டாணியின் கடிதங்கள் இரண்டு வந்தன. கூடாரத்துக்குள் சேறு, கொசு, ஒரு நாளைக்கு எண்பது பேருக்கு ஊசி, இங்கே குழந்தைகள் என்னை 'உருண்டை அக்கா' என்கிறார்கள், இங்கேயும் பெயர் மாறவில்லை என்று எழுதியிருந்தாள். மூன்றாவது மாதம், ஒரு வியாழக்கிழமை காலை, ஷிப்ட் மாறுகிற நேரத்தில் தலைமை நர்ஸ் எல்லாரையும் கூட்டிச் சொன்னார். பட்டாணிக்கு முகாமில் பரவிய அதே காய்ச்சல் வந்தது. ஐந்தாம் நாள் போய்விட்டாள். எல்லையை மூடிவிட்டதால் உடலைக் கொண்டுவர முடியாது. அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள்.

மூச்சுப்பிடியார் அப்போது கையில் ஈரப் படம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு நடையில் நின்றிருந்தார். படம் நழுவிக் கீழே விழுந்தது. யாரோ எடுத்துக் கொடுத்தார்கள். துணியறைப் பக்கத்திலிருந்து தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அந்த அம்மாவுக்கு இன்னும் யாரும் போய்ச் சொல்லவில்லை. பிறகு சத்தம் நின்றது.

அதன்பின் அவர் சாப்பிடவில்லை, பேசவில்லை. சபையே அப்படித்தான் இருந்ததால் அது தனியாகத் தெரியவில்லை. சொல்லிவிடலாம் என்று தினமும் எழுந்திருப்பார். யாரிடம், எப்படி, சொல்லி என்ன ஆகப்போகிறது என்று மத்தியானத்துக்குள் ஓய்ந்துவிடுவார். ஈசாக்குக்குப் பதில் போன ஆட்டைப் பற்றி முப்பது தடவை பாடம் எடுத்திருக்கிறார். அதற்கும் ஒரு தாய் இருந்திருக்குமே என்று ஒருநாளும் தோன்றியதில்லை. இப்போது வேறெதுவும் தோன்றவில்லை.

ஒரு மாதம் கழித்து நிவாரணச் சங்கம் மறுபடி ஆள் கேட்டது. சண்டை தணிந்து வழி திறந்திருந்தது. மகள் அன்றைக்கே பெயர் கொடுத்தாள். இந்தத் தடவை ஜெபம், முழங்கால் வலி என்ற பேச்செல்லாம் எழவில்லை. உடம்பு சரியாகிவிட்டது என்று காட்டுவதற்காக நெஞ்சு டாக்டரிடம் போய்ப் பழைய படத்தையும் புதுப் படத்தையும் வாங்கிக்கொண்டு வந்தாள். சனிக்கிழமை காலை, கூடத்து ஜன்னல் பக்கம் நின்று இரண்டையும் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். அவர் நாற்காலியில் பேப்பரோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

மகள் ஒரு படத்தையும் மறு படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு இடது கையால் கழுத்துக்குக் கீழே தன் காறை எலும்பைத் தொட்டுப் பார்த்தாள். ஏழு வயதில் மாடிப்படியில் விழுந்து அது உடைந்தது. ஒட்டின இடத்தில் சின்னதாக ஒரு புடைப்பு நின்றுவிட்டது. அன்றைக்குப் படம் எடுத்தவரும் அவர்தான். வாழ்க்கையில் அவர் கை நடுங்கின ஒரே படம் அது. புதுப் படத்தில் அந்தப் புடைப்பு இருந்தது. நிழல் விழுந்த படத்தில் எலும்பு நேராக, வழவழவென்று இருந்தது.

"அப்பா, இது என் படம் இல்லையே."

அவர் பேப்பரை மடித்து மடியில் வைத்தார். மகள் திரும்பி அவரைப் பார்த்தாள். எண் கலந்துபோயிருக்கும், ஆள் மாறியிருக்கும் என்று சமாளித்திருக்கலாம். அந்தக் கண்களைப் பார்த்துக்கொண்டு இன்னொரு பொய் சொல்ல அவருக்குத் தெம்பில்லை.

"ஆமாம்மா" என்றார்.

நடந்ததை முழுக்கச் சொன்னார். இருமல் வந்த பெண், ஈய எண்கள், வெட்டிப் போட்ட படம். மகள் ஜன்னல் கட்டையில் படங்கள் இரண்டையும் மெதுவாக வைத்தாள்.

"பட்டாணி படத்தையும் நீங்கதானே எடுத்தீங்க?"

"ஆமாம்."

"அவ சுத்தமா இருக்கான்னு பார்த்து அனுப்பி வச்சீங்க."

மனைவி மடித்த துணியை மறுபடி பிரித்து, மறுபடி மடித்தாள். கடைசியில் தரையைப் பார்த்துக்கொண்டே, "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானும் சரின்னுதான் சொல்லியிருப்பேன். அதை நினைச்சாத்தான் எனக்குப் பயமா இருக்கு" என்றாள். மகள் அம்மாவையும் ஒரு பார்வை பார்த்தாள். பிறகு தன் அறைக்குள் போனாள். அரை மணி நேரத்தில் பையோடு வந்து, கிளம்புகிறவரை நர்ஸ் விடுதியில் இருக்கப்போவதாகச் சொன்னாள். வாசலில் செருப்பை மாட்டும்போது, "தையலம்மாகிட்ட நான் சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லணும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மகள் கிளம்ப ஏழு நாள் இருந்தது. ஆறு நாள் அவர் துணியறை வாசல்வரை போய்த் திரும்பினார். ஏழாம் நாள் மகளின் பஸ் கிளம்பிப் போன பிறகுதான் உள்ளே போனார். பஸ் நிலையத்துக்கு அவரும் போயிருந்தார், தூரத்தில் நின்றார். மகள் அம்மாவைக் கட்டிக்கொண்டாள். இவரைப் பார்த்துத் தலையசைத்தாள், அவ்வளவுதான்.

துணியறையில் கஞ்சி வாசனையும் சோப்பு வாசனையும் அடித்தது. சுவர் ஓரம் வெள்ளை விரிப்புகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. தையலம்மா மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து ஒரு விரிப்பின் கிழிசலைத் தேடிக்கொண்டிருந்தாள். "வாங்க சார், உட்காருங்க" என்று ஸ்டூலைக் காட்டினாள். அவர் உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னார். மகளுக்கு நுரையீரலில் ஒன்றும் இல்லை, அது வேறு ஆளின் படம், நான்தான் மாற்றினேன், போகவேண்டியவள் என் மகள் என்றார். இவ்வளவையும் சொல்ல இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

அவள் திட்டுவாள், அடிப்பாள், கத்துவாள் என்றெல்லாம் நினைத்து அதற்குத் தயாராகத்தான் வந்திருந்தார். அவள் விரிப்பை மடியில் போட்டுக்கொண்டு அவரையே பார்த்தாள். புரியாத பாஷையில் யாரோ பேசினதுபோல முகத்தைச் சுருக்கினாள்.

"அவளுக்குப் போகப் பயம் சார்" என்றாள்.

அவருக்கு விளங்கவில்லை.

"பேர் கொடுத்துட்டாளே தவிர, மூணாவதா போட்டதும் நிம்மதியாயிட்டா. அப்புறம் உங்க பொண்ணு போக முடியலைன்னதும் எங்கிட்ட வந்து அழுதா. வேணாம்னு சொல்லிடட்டுமாம்மான்னு கேட்டா. நான்தான் போன்னு சொன்னேன். சார் வகுப்புல சொன்னாரே, கூப்பிட்டா எந்த இடம்னு கேட்காம போகணும், மிச்சத்தை ஆண்டவர் பார்த்துப்பார்னு. அதைச் சொல்லித்தான் அனுப்பினேன்."

எக்ஸ்ரே அறையில் ஜில்லென்று இருந்த அந்த விரல்கள் அவருக்கு ஞாபகத்துக்கு வந்தன.

"நீங்க சொன்னதை நான் நம்பினேன் சார்" என்றாள் தையலம்மா. கேள்வி கேட்கிற மாதிரி, ரொம்ப மெதுவாக, "நீங்க நம்பலையா?" என்றாள்.

நம்பினேன் என்றால் பொய். நம்பவில்லை என்றால் அதைவிடக் கொடுமை. அவள் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு விரிப்பை மெஷினில் வைத்து, ஊசியை இறக்கி, மிதிக்கத் தொடங்கினாள். அவர் போகலாமா நிற்கலாமா என்று தெரியாமல் நின்றார். விரிப்புகள் எடுக்க வார்டிலிருந்து ஆள் வந்தபோது வெளியே வந்தார்.

அன்று மாலையே ஆஸ்பத்திரிப் பெரிய டாக்டருக்கு எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தார். விசாரணை நடந்தது. இனி இவர் எக்ஸ்ரே மெஷினைத் தொடக்கூடாது என்று பழைய காகிதங்கள் வைக்கும் அறைக்கு மாற்றினார்கள். ஓய்வுபெற இருந்த நாலு மாதத்தை அங்கே தூசியோடு கழித்தார். போலீசுக்குப் போவார்களோ என்று மனைவி பயந்தாள். போகவில்லை. போயிருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது.

போதகரிடமும் போனார். வகுப்பில் எழுந்து எல்லாருக்கும் முன்னால் சொல்லிவிடுகிறேன், அந்த அற்புதம் பொய் என்று சொல்லவேண்டும் என்றார். போதகர், வகுப்பை விட்டுவிடுங்கள், அது சரி, ஆனால் மற்றதைச் சொல்லவேண்டாம் என்றார். அந்த நிழல் மறைந்ததைக் கேட்டுத்தான் நோயாளிப் பெண்கள் இரண்டு பேர் நம்பிக்கையோடு சபைக்கு வருகிறார்கள், அவர்களை என்ன செய்வது என்று கேட்டார். இன்றுவரை அந்தச் சபையில் அது அற்புதமாகவே சொல்லப்படுகிறது. மூச்சுப்பிடியாரும் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்கிறார். வகுப்பை இப்போது வேறொருவர் எடுக்கிறார். தையலம்மா வழக்கமான இடத்தில்தான் உட்காருகிறாள். வரும்போதும் போகும்போதும் வாங்க சார் என்கிறாள். அதில் கோபம் இருக்கிறதா என்று அவர் தேடிப் பார்த்திருக்கிறார். கண்டுபிடிக்க முடியவில்லை.

மகளிடமிருந்து மாதம் ஒரு கடிதம் வரும், அம்மா பெயருக்கு. அப்பாவைச் சாப்பிடச் சொல் என்று சில கடிதங்களில் இருக்கும், சிலவற்றில் இருக்காது. ஐந்தாவது மாதம் வந்த உறைக்குள் தையலம்மாவுக்கென்று தனியாக ஒரு கடிதம் இருந்தது. மனைவி சொல்லியனுப்ப, ஞாயிறு மத்தியானம் தையலம்மா வீட்டுக்கு வந்தாள். பொடி எழுத்து, எனக்குக் கண் சரியாகத் தெரியாது, நீங்களே படிங்க என்றாள். இரண்டு பெண்களும் கூடத்தில் பாயில் உட்கார்ந்தார்கள். அவர் தண்ணீர் கொண்டுவரச் சமையலறைக்குப் போனவர், காலி டம்ளர்களோடு கதவுக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டார்.

மனைவி நிறுத்தி நிறுத்திப் படித்தாள். பட்டாணியை அடக்கம் செய்த இடத்தைக் கண்டுபிடித்துவிட்டேன் அத்தை என்று மகள் எழுதியிருந்தாள். முகாமுக்குப் பின்னால் மேட்டு நிலம். வரிசையாக மண்மேடுகள், ஒவ்வொன்றிலும் தகரத்தில் எண் மட்டும் எழுதி நட்டிருக்கிறார்கள். அவள் வைத்தியம் பார்த்த பிள்ளைகள்தான் எது அவளுடையது என்று கூட்டிப்போய்க் காட்டினார்கள். சுற்றிக் கல் அடுக்கி வைத்திருக்கிறேன். மரப்பலகை ஒன்று செதுக்க ஆள் கிடைத்திருக்கிறார். அதில் என்ன எழுதவேண்டும் என்று நீங்கள்தான் சொல்லவேண்டும், வசனம் ஏதாவது போடலாமா என்று கேட்டிருந்தாள்.

கதவுக்கு இந்தப் பக்கம் நின்றவருக்கு அந்த இடத்துக்குப் பொருத்தமான வசனங்கள் ஏழெட்டு அதிகாரத்தோடு, எண்ணோடு மனசில் வந்து நின்றன. அவரை யாரும் கேட்கவில்லை.

"வசனம் வேண்டாங்க" என்றாள் தையலம்மா. "அவ பேரும் வயசும் போதும். அப்புறம், அம்மா பேரும் போடச் சொல்லுங்க. யாராவது பார்த்தா, இவளுக்கு ஒருத்தி இருந்தான்னு தெரியட்டும்."

மனைவி பேனா தேடினாள். மேஜையில் இல்லை, அலமாரியில் இல்லை. அவர் சட்டைப்பையில் ஒன்று இருந்தது. அதை எடுத்து, கதவைத் தாண்டிக் கையை மட்டும் நீட்டினார். மனைவி வாங்கிக்கொண்டு எழுத உட்கார்ந்தாள். அவர் திரும்பப் போய், டம்ளர்களில் தண்ணீர் ஊற்றினார்.